200 மரம், 200 சாப்பாடு: கற்காலத்திலிருந்து டூல் ஏஜுக்கு

மிஷன் தொடங்கியதும் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். 1997-இல் வந்த கம்ப்யூட்டர் போர் விளையாட்டான முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில், கற்காலத்திலிருந்து அடுத்த காலமான டூல் ஏஜுக்கு ஏறுவதற்கு வழக்கமான தொடக்கம் இது: மரம் 200, சாப்பாடு 200, கல் 150, தங்கம் சுத்தமாக இல்லை. ஒரு டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்), மூன்று வேலையாட்கள். சில கேம்பெயின் (கதைத்தொடர்) மிஷன்களில் இந்த எண்கள் மாறும். அப்போது கீழே வரும் கழித்தலை உங்கள் எண்ணை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் அரிசி மூட்டை வாங்கப் போகிறவரின் கணக்குதான். அது தப்பினால் பிறகு எத்தனை கோடாரிக்காரன் இருந்தும் சரிவராது.

முதல் நொடியிலேயே ஹெச் அழுத்தி டவுன் சென்டரைப் பிடித்து, சி அழுத்தி ஒரு ஆளை உருவாக்குங்கள். ஒரு ஆளுக்கு 50 சாப்பாடு. டவுன் சென்டர் தாங்குவது நான்கு பேரை மட்டும். மூன்று பேர் ஏற்கெனவே இருப்பதால் அடுத்தவர் வந்ததுமே இடம் நிரம்பிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே ஒருவரை வீடு கட்ட விடுங்கள் (30 மரம், நான்கு பேருக்கு இடம்). மற்ற இருவரும் ஆளுக்கொரு திசையில் நடந்து பெர்ரி புதர் எங்கே, காடு எங்கே, மான் எங்கே என்று பார்த்து வரட்டும். பழைய பதிப்பில் ஆட்களை வரிசையில் போட்டுவைக்க முடியாது. ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவருக்கு மறுபடி சொல்ல வேண்டும். வரிசை வசதி பிறகு வந்த ரைஸ் ஆஃப் ரோம் என்ற கூடுதல் தொகுப்பில்தான் வந்தது. ஹெச், சி இரண்டும் விரலில் பழகாதவரை டவுன் சென்டர் பாதி நேரம் சும்மா நிற்கும்.

வீடு போக கையில் 170 மரம். இங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள். கிரானரி (தானியக் களஞ்சியம்) 120, ஸ்டோரேஜ் பிட் (மற்ற பொருட்களின் கிடங்கு, சுருக்கமாகப் பிட்) 120. இரண்டையும் உடனே கட்ட முடியாது. எது முதலில் என்பதை மேப்தான் சொல்லும். பெர்ரி தள்ளி இருந்தால் புதரை ஒட்டி கிரானரி. பெர்ரி டவுன் சென்டரை ஒட்டியே இருந்தால் பழம் அங்கேயே இறங்கிவிடும், அப்போது காட்டோரம் பிட். எதிலே எது இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள்: பழமும் பயிரும் கிரானரிக்கு, மரம், கல், தங்கம், வேட்டை இறைச்சி பிட்டுக்கு. புதர் பக்கத்தில் பிட் கட்டிவிட்டு ஆட்கள் ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று விழிப்பது சர்வ சாதாரணம்.

முதல் கட்டடம் எழுந்ததும் மிச்சம் 50. இன்னொரு வீடு, மிச்சம் 20. இப்போது பன்னிரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. இரண்டாவது கட்டடத்துக்கு இன்னும் 100 மரம் வேண்டும். ஒரு ஆள் ஒரு நடையில் 10 சுமப்பார், ஆக மொத்தம் பத்து நடை. அதனால்தான் ஐந்தாவது ஆளிலிருந்து இரண்டு மூன்று பேரைக் காட்டுக்கு அனுப்பச் சொல்வது.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. கையில் இருந்த 200-இல் நான்கு ஆட்கள் வந்து ஏழு பேராகிவிடுவீர்கள். பன்னிரண்டு ஆக 250, டூல் ஏஜுக்கு 500, கூட்டினால் 750. ஒரு புதரில் 150. ஐந்து புதர் போதும். ஆறாவது இருந்தால் அது லாபம்.

மான் வேட்டை கூடுதல் வருமானம், 150 சாப்பாடு. அடித்ததும் அது எதிர்த்திசையில் ஓடும் என்பதால் மானுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பிட் இருக்கும் பக்கமாக விரட்டுங்கள். அடித்துப் போட்ட இறைச்சி கெட்டுக்கொண்டே போகும், ஒன்றைத் தின்று முடித்த பிறகே அடுத்தது. யானையில் 300 இருக்கிறது, ஆனால் திருப்பி மிதிக்கும். ஐந்து பேராவது சேர்ந்து போங்கள். சிங்கம் தானே தேடி வந்து கடிக்கும், தனி ஆளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். கையில் 8 மரத்தோடு வருகிறவரைப் பழம் பறிக்கத் திருப்பினால் அந்த 8-ம் போச்சு. முதலில் டவுன் சென்டரிலோ பிட்டிலோ இறக்கச் சொல்லி, அப்புறம் வேலையை மாற்றுங்கள்.

500 சாப்பாடு சேர்ந்தும் டூல் ஏஜ் பட்டன் வரவில்லையா? எத்தனை வீடு கட்டினாலும் அவை கணக்கில் சேராது. கிரானரி, பிட், பேரக்ஸ் (படை முகாம், 125 மரம்), டாக் (படகுத்துறை, 100 மரம்) இவற்றில் ஏதாவது இரண்டு வேண்டும். தண்ணீர் இருக்கிற மேப்பில் டாக் கைகொடுக்கும். நம் பாலாறு மாதிரி மணல் மட்டும் தெரிந்தால் அந்த 100 மரத்தைத் தொடாதீர்கள்.

ஏஜ் ஏறும் இரண்டு நிமிடமும் டவுன் சென்டரில் புது ஆள் கிடையாது. அந்த நேரத்தில் பெரும்பாலானவரை மரத்துக்குத் திருப்புங்கள். அடுத்து மார்க்கெட் 150, வயல் ஒன்றுக்கு 75, நான்கு வயல் என்றால் 300. ஆக 450. மார்க்கெட் இல்லாமல் வயல் போட முடியாது, கிரானரி இல்லாமல் மார்க்கெட் கட்ட முடியாது. வயலும் நிலைக்காது. ஒன்றில் 250 சாப்பாடு தீர்ந்ததும் மறைந்துவிடும், மறுபடி 75 கொடுத்துப் போட வேண்டும்.

கல் 150 சும்மா கிடக்கிறதே என்று பார்க்கிறீர்களா? கிரானரியில் 50 சாப்பாடு கொடுத்து வாட்ச் டவர் ஆராய்ந்தால் சரியாக ஒரு கோபுரத்துக்கு ஆகும். அதை டவுன் சென்டர் பக்கத்தில் வைப்பது வீண். வேலூர்க் கோட்டையில் அகழியைத் தாண்டி உள்ளே வர ஒரே வாசல். அதுபோல காட்டுக்கும் பாறைக்கும் நடுவே எதிரி வந்தே ஆக வேண்டிய சந்து ஒன்று இருக்கும். அங்கே வையுங்கள்.

பேரக்ஸ் இருந்தால் கிளப்மேன் (தடி வீரன்) எட்டுப் பேர், 400 சாப்பாடு. 100 கொடுத்து பேட்டில் ஆக்ஸ் ஆராய்ந்தால் எட்டுப் பேருமே கோடாரிக்காரர் ஆவார்கள். பிட்டில் இன்னொரு 100 போட்டால் அவர்களின் தாக்கும் பலம் 2 புள்ளி கூடும். இந்தப் படையை எதிரியின் கட்டடத்தில் மோதவிட்டு வீணாக்காமல் அவன் மரம் வெட்டும் இடத்துக்கு அனுப்புங்கள். பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கத்து நடுகற்களில் ஆநிரைப் பூசலில் (மாடு கவரும் சண்டையில்) விழுந்த வீரர்கள் நிற்கிறார்கள். அங்கே மாடு, இங்கே மரவெட்டி. வருமானத்தைப் பறிகொடுத்த எதிரியிடம் புதுப் படை திரட்டக் காசு இருக்காது.

சண்டை தொடங்குமுன் கேமை ஒருமுறை சேமித்துவிடுங்கள், கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

எதிரி ஊர் எரிந்த பிறகும் வெற்றி வரவில்லையென்றால் மேப்பின் மூலைகளைத் தேடுங்கள். தப்பி ஓடிய ஒற்றை ஆள் காட்டோரம் நிற்பான். கடல் இருந்தால் மீன்பிடிப் படகு ஒன்று கரையோரம் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு டாக் கட்டி ஒரு கப்பல் விட வேண்டியிருக்கும், ஆகவே கடைசி 100 மரத்தைப் படையில் கொட்டிவிடாமல் வைத்திருங்கள்.