பழைய டிரம் வாங்கும் முன் உள்ளே டார்ச் அடியுங்கள்

பழைய டிரம் செட் வாங்கப் போனால், டாமின் (செட்டில் ஸ்டாண்டில் அல்லது பெரிய டிரம் மேல் பொருத்தும் டிரம்) மேல் தோலைக் கழற்றி செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி ஒரு மர வளையம் தெரிந்தால், பெரும்பாலும் அது மெல்லிய ஷெல், அதாவது டிரம்மின் மர உடல். அமெரிக்க நிறுவனமான லுட்விக்கின் 1960களின் டிரம்கள் இப்படித்தான்: மூன்றே அடுக்கு மரம், வட்டம் கோணாமல் பிடித்துக்கொள்ள மேப்பிள் வளையம். மெல்லிய மரம் தோலோடு சேர்ந்து அதிரும்; ஒலி கொஞ்சம் தாழ்ந்து, இதமாக வரும். 1970களின் பிற்பகுதியில் வந்த ஆறு அடுக்கு லுட்விக்கில் வளையம் இல்லை, அடி பளிச்சென்று கேட்கும்.

கிரெட்ச் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் டிரம்முக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. 1960களின் கிரெட்சில் ஆறு அடுக்கு, உள்ளே வெள்ளி நிறப் பூச்சு, வளையம் கிடையாது, ஆனாலும் மெல்லியதுதான். விளிம்பை யாராவது பிற்பாடு கூராகச் சீவியிருந்தாலும் ஒலி மாறிவிடும். உலோக ஸ்னேருக்கு (அடித்தோலில் கம்பிகள் பொருத்திய டிரம்) இது பொருந்தவே பொருந்தாது.