மலிவு சிக்னல் ஜெனரேட்டரில் ஃபர்ம்வேர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ஃபர்ம்வேர் கரப்ட் ஆயிடுச்சு, வேற ஏத்திக் குடுங்க" என்று வடசென்னைத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பையன்கள் தூக்கி வரும் மலிவு சிக்னல் ஜெனரேட்டர்கள் (சோதனைக்கு வேண்டிய அலைகளை உருவாக்கித் தரும் கருவிகள்) பலவற்றில் ஃபர்ம்வேருக்கு (சிப்புக்குள் எழுதியிருக்கும் மென்பொருளுக்கு) ஒன்றுமே ஆகியிருக்காது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சீனப் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அலையை எண்களாக உருவாக்க ஒரு எஃப்பிஜிஏ (நிரல்படி சர்க்யூட் மாறும் சிப்), அதன் பின்னால் அந்த எண்களை வோல்டேஜாக்கும் டிஏசி, ஃபில்டர், அவுட்புட் ஆம்ப்ளிஃபயர். ஃபர்ம்வேர் இருப்பது இந்த வரிசையின் தலைப்பக்கம். கோளாறு பெரும்பாலும் வால்பக்கம்.

அதிகம் வரும் புகார், 5 வோல்ட் வைத்தால் ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்) 10 காட்டுகிறது என்பது. இது கோளாறே இல்லை. அவுட்புட்டில் தொடராக 50 ஓம் இருக்கிறது. எதிரேயும் 50 ஓம் லோடு இருக்கும் என்று கணக்குப் போட்டு சில பெட்டிகள் எண்ணைக் காட்டும். ஸ்கோப்பின் உள்ளீடு 1 மெகாஓம், அதனால் இரண்டு மடங்கு தெரிகிறது. அவுட்புட்டின் பிஎன்சி கனெக்டரில் T வடிவ டீ போட்டு 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டிப் பாருங்கள். அது இல்லையென்றால் 47 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் போதும். 5 வோல்ட் பீக்-டு-பீக்குக்கு அது சூடாகாது. இதைப் பார்க்காமல் கேலிப்ரேஷன் (அளவைச் சரிக்கட்டும்) மெனுவுக்குள் போய் எண்களைக் கலைத்துவிட்டால் அப்புறம் உண்மையான கோளாறு வந்து சேரும்.

அடுத்தது நம் ஊர்க் கோளாறு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னலோரம் வைத்த எந்தப் போர்டும் உப்புக்காற்றுக்குத் தப்பாது. டிஸ்ப்ளேக்குப் போகும் ரிப்பன் கேபிள் பின்களில் பச்சை பூத்திருக்கும். குமிழைத் திருப்பினால் எண் ஒன்று ஏறி இரண்டு இறங்கும். பார்க்க அச்சு அசல் சாஃப்ட்வேர் பிழை மாதிரியே இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். குமிழ் என்கோடர் அதற்கும் மசியவில்லையென்றால் அதை மாற்றிவிடுவதே நல்லது. சப்ளை வோல்டேஜையும் இதே சூட்டில் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, ஃபர்ம்வேரைத்தான் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய தவறு நடப்பது இங்கேதான்: உள்ளே இருப்பதை எடுத்து வைக்காமல் புதியதை ஏற்றுவது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் அல்லது அதன் நகல் சிப் இருக்கும். எஸ்டி-லிங்க் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் யுஎஸ்பி கருவி) மாட்டிப் படிக்கப் போனால் ரீட் புரொட்டெக்‌ஷன் (படிக்கவிடாத பூட்டு) இருக்கிறது, நீக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். அவசரக்காரர்கள் சரி என்று தட்டிவிடுவார்கள். அந்தச் சிப்பில் பாதுகாப்பை நீக்கினால் ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் இருக்கும் மெமரி) மொத்தமும் அழிந்துவிடும். சிப் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஃபர்ம்வேர் போனது போனதுதான். அந்தப் பெட்டிக்கென்று தொழிற்சாலையில் எழுதிய கேலிப்ரேஷன் எண்கள் அதே ஃபிளாஷில் இருந்தால் அவையும் போச்சு. ஆகவே அந்தக் கேள்வி வந்தால், ஏற்றப் போகும் ஃபைல் உங்கள் போர்டுக்கே உரியது என்று உறுதியாகத் தெரியும்வரை இல்லை என்றே சொல்லுங்கள். வெளியே ஒரே மாடல் பெயர் இருந்தாலும் உள்ளே வேறு எஃப்பிஜிஏ இருக்கலாம். மூடியைத் திறந்து போர்டில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் படியுங்கள்.

பாதுகாப்பு இல்லாத சிப் என்றால் இரண்டு முறை படித்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 64 கிலோபைட் சிப் என்றால் ஃபைல் 65,536 பைட் இருக்க வேண்டும். பக்கத்தில் 24சி என்று தொடங்கும் 8 கால் ஈப்ராம் (தனி மெமரி சிப்) இருந்தால் அதையும் தனியாகப் படித்து வையுங்கள். கேலிப்ரேஷன் அதில்கூட ஒளிந்திருக்கலாம். நகல் சிப்புகளில் இன்னொரு குழப்பம் உண்டு. ஐடி எண் 1 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 2 என்று தொடங்கும், சிப்போடு பேசும் மென்பொருளான ஓப்பன்ஓசிடி மறுத்துவிடும். சிப் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள். கான்ஃபிக் ஃபைலில் அந்த ஒரு எண்ணை மாற்றினால் பேச ஆரம்பித்துவிடும்.

வயரிங்கில் எளிய விதி: ஜெனரேட்டர் தன் சப்ளையில் ஓடும்போது டேட்டா, கிளாக், கிரவுண்ட் என மூன்று வயர் போதும். மலிவான எஸ்டி-லிங்கின் 3.3 வோல்ட் பின் சப்ளை கொடுக்கும் பின், அதை மாட்டினால் இரண்டு சப்ளை மோதும். அதைவிட முக்கியம் எர்த். இந்த ரகத்தில் சிலவற்றுக்கு இரண்டு பின் மெயின்ஸ் சாக்கெட்தான். உள்ளே இருக்கும் வை கெப்பாசிட்டர் (மெயின்ஸ் இரைச்சலை அடக்கப் போட்டது) வழியாகக் கசிந்து, பிஎன்சி உடலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் நூறு வோல்ட்டையொட்டிக் காட்டும். கரண்ட் மிகக் குறைவு, கை லேசாகச் சுரீரென்னும், அவ்வளவுதான். ஆனால் எர்த் ஆன டெஸ்க்டாப்பில் எஸ்டி-லிங்க் செருகி, கிரவுண்டுக்கு முன் டேட்டா வயர் தொட்டால் பின் போய்விடும். பவர் ஆஃபில் கிரவுண்டை முதலில் மாட்டுங்கள், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஜெனரேட்டரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் பாதி எழுதும்போது கரண்ட் போனாலும் கவலையில்லை.

அப்படியே பாதியில் நின்றாலும் பதற வேண்டாம். அசல் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் சிஸ்டம் மெமரியில் ஒரு பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல்) இருக்கிறது, அதை நீங்கள் அழிக்கவே முடியாது. பூட்0 பின்னை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து ரீசெட் செய்தால் சீரியல் வழியே மறுபடி ஏற்றலாம். சீரியலுக்கான யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டரின் ஜம்பர் 3.3 வோல்ட்டில் இருக்கட்டும். ஏற்றி முடித்ததும் பூட்0 பின்னைக் கிரவுண்டுக்குத் திருப்ப மறந்துவிட்டு, "இன்னும் ஆன் ஆகலை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

15 மெகாஹெர்ட்ஸ் பெட்டியை ஃபர்ம்வேரால் 60 ஆக்கும் ஆசைக்கு என் ஆதரவு இல்லை. மெனுவில் 60 வரும். ஃபில்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழையவைதான். மேலே போகப் போக அலை சுருங்கும், சதுர அலை சைன் மாதிரி உருண்டுவிடும்.

ஏடி9833 (அலை உருவாக்கும் சிப்) மாட்யூல் வைத்துத் தானே செய்தவர்களுக்கு ஒன்று. கோடில் 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்று எழுதியிருந்து, போர்டில் வேறு ஆஸிலேட்டர் இருந்தால் எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே விகிதத்தில் தவறும். 1 கிலோஹெர்ட்ஸிலும் 100 கிலோஹெர்ட்ஸிலும் கவுன்ட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பிழை ஒரே சதவீதம் என்றால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். விகிதம் மாறினால் ஃப்ரீக்வென்சி வார்த்தையை (சிப்புக்கு அனுப்பும் ஃப்ரீக்வென்சி எண்ணை) இரண்டு 14 பிட் துண்டுகளாகப் பிரித்து அனுப்பும் இடத்தைத் தேடுங்கள்.