நங்கூரம் போட்ட வள்ளத்தில் ஃபிஷ் ஃபைண்டர்: பனி ஏரியில் இருந்து வந்த பாடம்

ஃபிஷ் ஃபைண்டர் என்பது ஒலியை அனுப்பி, தண்ணீருக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி. அதோடு வரும் கையேட்டில் மீன் என்றால் வில் போல வளைந்து தெரியும் என்று படம் போட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்து நாங்கள் தூண்டிலுக்குப் போய், ஐந்து பாகத் (ஏறத்தாழ ஒன்பது மீட்டர்) தண்ணீரில் நங்கூரம் போட்டுக் குந்தியிருந்தபோது அந்த வில் ஒன்றுகூட வரவில்லை. திரையின் நடுவே ஒரே ஒரு நேர்க்கோடு பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. கருவி பழுது என்றே நினைத்தேன். அன்று இரவு ரொறன்ரோவில் இருக்கும் அத்தானுக்குப் படம் அனுப்பினேன். "பழுதொண்டும் இல்லைத் தம்பி, அது உன்ரை தூண்டில் ஈயம்" என்றார்.

அத்தான் மாரியில் சிம்கோ ஏரியின் பனிக்கட்டிக்கு மேல் நின்று மீன் பிடிக்கிறவர். கோடையில் படகில் பூட்டும் அதே கருவியைக் கழற்றி, ஒரு பெட்டியில் வைத்துப் பனிக்குக் கொண்டுபோகிறார். பனியில் நிற்பவரும் நங்கூரத்தில் நிற்பவரும் இந்தக் கருவிக்கு ஒன்றுதான்: இரண்டு பேருமே நகர்வதில்லை. அவருடைய முறையை நான் இங்கே பழகியெடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் திரையைப் புரிந்துகொள்ளுங்கள்

கருவியோடு வயரில் இணைந்து தண்ணீருக்குள் இறங்கும் உணரிதான் ட்ரான்ஸ்டியூசர். அது கீழ்நோக்கி ஒலித் துடிப்புகளை அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். ஒன்பது மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப 12 மில்லிநொடி போதும். ஒவ்வொரு எதிரொலியும் திரையின் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய நெடுங்கோடாக வரும், அடுத்தது வந்ததும் இடப்பக்கம் தள்ளப்படும். ஆகவே வலது ஓரம் மட்டும்தான் 'இப்போது'. மற்றதெல்லாம் நடந்து முடிந்தது. இடப்பக்கம் தெரியும் மீனைத் தேடி வள்ளத்தின் இடப்பக்கம் தூண்டில் போடுவதில் பயனில்லை.

ஓடும் படகு மீனுக்கு மேலாகக் கடக்கும்போது, மீனுக்கும் கருவிக்கும் உள்ள தூரம் குறைந்து பிறகு கூடுவதால் வில் உருவாகிறது. நிற்கும் வள்ளத்தின் கீழே மீனும் நின்றால் தூரம் மாறாது, நேர்க்கோடுதான் வரும். கோடு மேல்நோக்கிச் சரிந்தால் அது எழும்பி வருகிறது. குட்டையாக வந்து மறைந்தால், ட்ரான்ஸ்டியூசரில் இருந்து விரிந்து இறங்கும் ஒலிக்கூம்பைக் கடந்து போய்விட்டது.

அந்தக் கூம்பின் அளவையும் மனதில் வையுங்கள். 200 கிலோஹேர்ட்ஸில் 20 பாகை உள்ள ட்ரான்ஸ்டியூசர் என்றால், ஆழத்தை மூன்றால் வகுத்தால் கீழே தெரியும் வட்டத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட வரும். ஒன்பது மீட்டரில் மூன்று மீட்டர் வட்டம். இடுப்பளவு பரவைக்கடலில் (ஆழமற்ற கரையோரக் கடல்) ஒரு முழம்கூட வராது. அங்கே இந்தப் பெட்டியைக் காவிக்கொண்டு போகாதீர்கள், கண்ணே போதும். காரைநகருக்கு வெளியே, எழுவைதீவுப் பக்கம் என்று ஆழம் கூடும் இடங்களில்தான் இது உதவும்.

பெட்டியைத் தயார்செய்தல்

நான் போவது ஒரு சம்மாட்டியாரின் (வள்ளச் சொந்தக்காரர்) ஃபைபர் வள்ளத்தில். அடுத்தவருடைய வள்ளத்தில் ஓட்டை போட முடியாது. அதனால் எல்லாம் கழற்றிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 12 வோல்ட் 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி ஒன்று. ஐந்து அங்குலத் திரை உள்ள சிறிய கருவிகள் பொதுவாக ஒரு அம்பியருக்குள்தான் இழுக்கும். விடியப் போய் மதியத்துக்குள் திரும்ப அது தாங்கும். பற்றரி உருளாமல் ரெஜிஃபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டுகளை வெட்டிச் சுற்றிவர அடையுங்கள். சிவப்பு வயரில், பற்றரிக்குக் கிட்டவாக, கையேடு சொல்லும் அளவில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட வயர் ஒன்றோடொன்று உரசினால் கருவியைக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான். கருவியை மூடியின் மேல் பூட்டி, வயர் இறங்கும் துளையை சிலிக்கனால் அடைத்துவிடுங்கள்.

ட்ரான்ஸ்டியூசரைத் தண்ணீரில் இறக்குதல்

ஒன்றரை மீட்டர் பிவிசி குழாயின் நுனியில் ட்ரான்ஸ்டியூசரைப் பூட்டி, குழாயை வள்ளத்தின் விளிம்பில் ஜி கிளாம்பால் இறுக்குங்கள். முகம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தால் போதும். கரையிலேயே ரசமட்டம் வைத்து, குழாய் செங்குத்தாக நிற்கும்போது முகம் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் கண்ட பிழைகளில் பாதி இங்கேதான். முகம் சரிந்தால் கூம்பும் சரியும், உங்கள் தூண்டில் ஓரிடம், கருவி பார்ப்பது வேறிடம்.

புது ட்ரான்ஸ்டியூசரின் முகத்தில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை விரலால் தடவிக் கழுவிவிட்டால் போய்விடும். ஒலிக்குக் காற்று ஒரு சுவர்.

செற்றிங்ஸ்

கருவியைப் போட்டதும் ஆட்டோவில் விட்டு ஆழம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஈயம் கட்டிய கயிற்றை இறக்கி ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. அப்புறம் இவற்றை மாற்றுங்கள்.

மீன் பொம்மை காட்டும் ஃபிஷ் ஐடியை நிறுத்துங்கள். சாதாழைத் (கடற்புல்) துண்டு மிதந்தாலும் அது மீன் பொம்மை போடும். நீர் வகையை உப்புநீர் என்று வையுங்கள். திரை நகரும் ஸ்க்ரோல் வேகத்தையும் ஒலித் துடிப்பு அனுப்பும் பிங் வேகத்தையும் கூட்டுங்கள். ஏ-ஸ்கோப் இருந்தால் போட்டுவிடுங்கள். வலது ஓரத்தில் அந்தக் கணத்து எதிரொலியை மட்டும் பெரிதாகக் காட்டும் பட்டை அது. அத்தான் பனியில் பெரும்பாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியாக சென்சிட்டிவிட்டி, அதாவது மெல்லிய எதிரொலியைக் கருவி எவ்வளவுக்குக் காட்டும் என்பது. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தோடு தூண்டிலைப் பாதி ஆழத்தில் நிறுத்தி, ஈயத்தின் கோடு தெளிவாகத் தெரியும்வரை கூட்டுங்கள். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக அழுக்குப் படியத் தொடங்கினால் கொஞ்சம் குறையுங்கள். ஈயம் தெரிந்தால்தான், அதன் கிட்ட வரும் மீன் தெரியும் என்று நம்பலாம்.

ஈயம் தெரியவில்லை என்றால்

பனி ஏரிக்கும் நம் கடலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே. பனிக்குக் கீழே தூண்டில் பெரும்பாலும் நேராகத் தொங்கும். இங்கே நீரோட்டம் தங்கூசியை (தூண்டில் நரம்பு) இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்று மீட்டர் வட்டம் என்றால் நடுவில் இருந்து ஒன்றரை மீட்டர்தான் இடம். ஆகவே குழாய்க்கு ஒரு கை தூரத்தில் தூண்டிலை இறக்குங்கள், ஈயத்தின் பாரத்தைக் கூட்டுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் நீரோட்டம் தணியும்வரை பொறுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும் நாட்களில் வள்ளம் ஆடுவதால் தரையே அலையலையாகத் தெரியும், அதைக் குன்றும் குழியும் என்று எண்ண வேண்டாம்.

தரையைப் பார்க்கப் பழகுவது மீனைப் பார்ப்பதைவிடப் பயன் தரும் என்பது என் அனுபவம். பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடத்தில் தரைக்கோடு தடித்து, அதன் இரு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடும் விழும். சேற்றில் மெல்லியதாக மங்கும். தரையில் இருந்து புல்லாக எழும்பித் தெரிவது சாதாழை, ஓரா மீன் நிற்கும் இடம். பார் ஓரமாகத் தரையோடு ஒட்டிய சிறு மேடு சில வேளை கலவாய் மீனாக இருக்கும்.

எல்லா மீனும் ஒரே மாதிரித் தெரியாது. எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையில் இருந்துதான் வருகிறது. விளைமீனுக்கு அது உண்டு, நல்ல தடித்த கோடு வரும். திருக்கைக்கும் சுறாவுக்கும் அறக்குளாவுக்கும் (வஞ்சிரம்) இல்லை. பெரிய அறக்குளாகூட மெல்லிய கீறலாகப் போய்விடும்.

இதே பெட்டியைப் பனிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

நம்மவர்கள் பலர் கனடாவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நடந்து போவதற்குத் தெளிந்த, கெட்டியான பனி குறைந்தது 10 சென்ரிமீட்டர் தடிப்பாவது இருக்க வேண்டும். வெள்ளைப் பனிக்கு அது போதாது. துளை போடுமுன், தெளிந்த பனியின் மேல் தண்ணீர் ஊற்றி ட்ரான்ஸ்டியூசரை அழுத்தி வைத்தால், காற்று இடையில் இல்லாதவரை ஆழம் காட்டும். (நடுவில் ஃபோம் இல்லாத ஃபைபர் அடித்தட்டிலும் இப்படி வைத்துப் பார்க்கலாம்.) துளைக்குள் இறக்கும்போது முகம் பனியின் அடிப்பக்கத்துக்குக் கீழே போக வேண்டும். நீர் வகையை நன்னீருக்கு மாற்ற மறக்காதீர்கள். ஈய பற்றரி குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். பக்கத்துத் துளைக்காரரும் அதே அலைவரிசையில் கருவி வைத்திருந்தால் திரையில் கோடுகள் குறுக்கிடும், ஒருவர் அலைவரிசையை மாற்றினால் சரி.

மீன் கடித்ததும், பனியிலும் வள்ளத்திலும், பக்கத்தில் இருப்பவர் முதலில் ட்ரான்ஸ்டியூசரை மேலே தூக்க வேண்டும். சுழன்று வரும் மீன் தங்கூசியைக் குழாயில் சுற்றினால் மீனும் போகும், வயரும் அறும். கரைக்கு வந்ததும் ட்ரான்ஸ்டியூசரையும் குழாயையும் நல்ல தண்ணீரில் கழுவி, வயர் முனைகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு கிழமை கழுவாமல் விட்டு என் முனைகள் பச்சை பிடித்துப்போயின. உப்புத்தாளால் தேய்த்துத்தான் திரும்ப எடுத்தேன்.