ஆம்பூர் பிரியாணி செய்முறை: வடிக்கும் பதம், தம் பதம், மற்ற ஊர்களில் மாறும் இடங்கள்

மசாலா பாக்கெட்டில் எந்த ஊர்ப் பெயர் போட்டிருந்தாலும், குக்கரில் தண்ணீர் அளந்து ஊற்றி விசில் விட்டால் எல்லாம் ஒரே சாப்பாடாகத்தான் வரும். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லா ஊரிலும் உண்டு. ஊருக்கு ஊர் பிரியாணி மாறுவது முக்கியமாக இரண்டு விஷயங்களில்: எந்த அரிசி, அது எந்தக் கட்டத்தில் கறியோடு சேர்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கறியை மசாலாவில் வேகவைத்து, சீரகச் சம்பாவைத் தனியாக முக்கால் பதத்தில் வடித்து, இரண்டையும் கலந்து தம் போடுவார்கள். திண்டுக்கல்லில் கறி வெந்த சாற்றிலேயே அரிசி வேகும். ஐதராபாத் கச்சி பிரியாணியில் பச்சைக் கறி அடியில், பாதி வெந்த பாசுமதி மேலே; இரண்டும் மூடிக்குள் ஒன்றாக வேகும். மலபாரில் சோறும் கறியும் தனித்தனியாக வெந்து முடிந்த பிறகே சந்திக்கின்றன.

முதல் முறை செய்கிறவர்கள் ஆம்பூரில் தொடங்குவது நல்லது. கறி வெந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். அரிசியையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வடிக்கலாம். கச்சியில் மூடியை ஒட்டிவிட்டால் உள்ளே நடப்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

தேவையானவை (4 பேருக்கு)

எலும்போடு ஆட்டுக்கறி அரை கிலோ, பழைய சீரகச் சம்பா அரை கிலோ. கறியும் அரிசியும் சரிக்குச் சரி. அரிசி அறுவடையாகி ஒரு வருடமாவது ஆனதாக இருக்கட்டும். புது அரிசி எவ்வளவு கவனமாக வடித்தாலும் ஒட்டும்.

நீட்டு வரமிளகாய் 12, பூண்டு 60 கிராம், இஞ்சி 50 கிராம் (தனித்தனியாக அரைக்கவும்), பெரிய வெங்காயம் 200 கிராம், தக்காளி 200 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 100 மில்லி, புதினா ஒரு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எண்ணெய் 100 மில்லி, நெய் ஒரு மேசைக்கரண்டி, பட்டை ஓர் அங்குலத் துண்டு இரண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 4, எலுமிச்சை அரை மூடி, உப்பு.

மஞ்சள் தூள், மல்லித் தூள், கரம் மசாலா எதுவும் வேண்டாம். கை பரபரக்கும்தான், ஆனாலும் போடாதீர்கள். இந்தப் பிரியாணியின் நிறமும் காரமும் மிளகாய் விழுதிலிருந்து வருபவை. மல்லித் தூள் விழுந்தால் குழம்புச் சோறு வாசம் வந்துவிடும். எண்ணெயையும் குறைக்காதீர்கள். வடித்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதில் பாதி வேலை அதனுடையது.

படி 1: மிளகாய் விழுது

மிளகாயைக் காம்பு கிள்ளி, ஆறு மிளகாய்க்கு விதை தட்டிவிட்டு, எல்லாவற்றையும் கொதிநீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஊறவைத்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டு வெண்ணெய் மாதிரி அரைக்கவும். தோல் திப்பியாக நின்றால் சோற்றில் சிவப்புப் புள்ளியாக ஒட்டி, நாக்கில் உறுத்தும்.

படி 2: கறி

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் போட்டு, வெங்காயத்தை ஓரம் லேசாகச் சிவக்கும் வரை மட்டும் வதக்குங்கள். முதலில் பூண்டு விழுது. ஒரு நிமிடம் கழித்து இஞ்சி விழுது. இஞ்சி சீக்கிரம் அடிபிடிக்கும், அதனால்தான் இந்த வரிசை. பிறகு அடுப்பைக் குறைத்து மிளகாய் விழுது. பச்சை வாசம் போய், ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசியும் வரை, மூன்று நிமிடம் போலக் கிளறுங்கள். இங்கே தீ அதிகமானால் மிளகாய் கருகும். கருகிய காரலை அதன் பின் எதைப் போட்டாலும் மறைக்க முடியாது. பாத்திரத்தைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் லாபம்.

கறியைப் போட்டு, உப்புச் சேர்த்து, வெளுக்கும் வரை ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். தக்காளி, பாதிப் புதினா, பாதிக் கொத்தமல்லி. தக்காளி கரைந்ததும், கடைந்த தயிரைச் சிறுதீயில் சேர்க்கவும். தீ எரியும்போது கொட்டினால் தயிர் திரிந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஒன்றரை தம்ளர் (300 மில்லி) வெந்நீர் ஊற்றி மூடுங்கள். இளங்கறி என்றால் முக்கால் மணி நேரம், முற்றின கறிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நடுவில் தண்ணீர் சுண்டினால் வெந்நீர் மட்டும் சேர்க்கவும். அவசரமென்றால் இதையே குக்கரில் நான்கு விசில் விட்டு எடுத்து, திறந்து வைத்துச் சுண்டவிடலாம்.

எலும்பிலிருந்து கறி விலகத் தொடங்கினால் போதும். தம்மில் கறி பெரிதாக வேகாது என்பதால் இங்கேயே கிட்டத்தட்ட முழுதாக வெந்திருக்க வேண்டும்.

படி 3: சாற்றை அளப்பது

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. கறி வெந்ததும் பாத்திரத்தைச் சாய்த்து, மேலே மிதக்கும் எண்ணெயோடு சேர்த்துச் சாற்றை ஒரு தம்ளரில் மொண்டு பாருங்கள். அரை கிலோ அரிசிக்கு 200 முதல் 250 மில்லி. கூடுதலாக இருந்தால் திறந்து வைத்து வற்றவிடுங்கள், குறைந்தால் வெந்நீர் விடுங்கள். அளந்ததைத் திரும்ப ஊற்றி, எலுமிச்சை பிழிந்து ருசி பாருங்கள்: தனியாகச் சாப்பிட்டால் உப்பும் காரமும் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும்.

படி 4: அரிசி வடித்தல்

கறி வேகும்போதே அரிசியை இரண்டு தண்ணீர் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து வடிகட்டி வையுங்கள். சீரகச் சம்பா பொடி அரிசி. கசக்கிக் கழுவினால் நொறுங்கும்.

பெரிய பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே அரிசி. மறுபடி கொதி வந்ததிலிருந்து நான்கு நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள். ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தவும். இரண்டு மூன்றாக உடைந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முக்கால் பதம். உடையாமல் மாவாக நசுங்கினால் தாண்டிவிட்டது. கல் மாதிரி கடுக் என்றால் இன்னும் ஒரு நிமிடம். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். அரிசியின் வயதைப் பொறுத்து ஓரிரண்டு நிமிடம் முன்பின் ஆகும்.

உடனே வடித்துவிடுங்கள். வடிதட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் அரிசி தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். கஞ்சித் தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

படி 5: தம்

சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது அரிசியைப் பரவலாகப் போட்டு, மீதிப் புதினா, கொத்தமல்லி, நெய் சேர்த்து, தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மூன்று நான்கு முறை மட்டும் புரட்டுங்கள். மேலே சமப்படுத்தி, ஓரத்தைச் சுற்றி ஈரத்துணி வைத்து அழுத்தி மூடவும். துணி நுனி அடுப்புப் பக்கம் தொங்கக் கூடாது.

பெரிய அடுப்புகளில் மூடி மேல் தணல் அள்ளிப் போடுவார்கள். காரணமுண்டு: மூடி ஆறியிருந்தால் ஆவி அதில் பட்டு நீராகிச் சொட்டும், மேல் சோறு நசநசத்துப் போகும். வீட்டில் அந்தக் கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரத்தில் ஊற்றி மூடி மேல் வையுங்கள். சூடும் ஆச்சு, பாரமும் ஆச்சு.

பாத்திரத்துக்கு அடியில் காய்ந்த தோசைக்கல், மிகச் சிறிய தீ, 15 நிமிடம். அடுப்பை அணைத்து, திறக்காமல் இன்னும் 15 நிமிடம். தம் உடைக்கும்போது நடுவில் குத்திக் கிளறாமல், ஓரத்தில் ஒரு சாஸரை இறக்கி அடிவரை போய் அள்ளுங்கள்.

கூடவே புளி போட்ட கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். கோழியில் செய்தால் படி 2-இல் தண்ணீரே விட வேண்டாம்; அதுவே விடும் நீரில் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

எங்கே தப்பும்?

சோறு குழைந்தால் சாறு அதிகம், அல்லது வடிப்பதற்குத் தாமதம். சோறு வெள்ளையும் சிவப்புமாக நின்றால் சாறு போதவில்லை. அரிசி விறைத்து நின்றால் கால் தம்ளர் வெந்நீர் தெளித்து, மூடி, ஐந்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். இதற்கு வைத்தியம் உண்டு, குழைந்ததற்குக் கிடையாது. சந்தேகமாக இருந்தால் அரை நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மற்ற ஊர்களுக்கு என்ன மாற்ற வேண்டும்?

திண்டுக்கல்லுக்கும் சீரகச் சம்பாதான். கறி சிறு துண்டாக இருக்கட்டும். தக்காளியை விட்டுவிட்டுத் தயிரும் எலுமிச்சையும். சின்ன வெங்காயம், மிளகுக் காரம், அரைத்த மசாலா. ஒரு தம்ளர் ஊறின அரிசிக்கு ஒன்றரைத் தம்ளர் சாறு, தயிரும் அந்தக் கணக்கில் சேரும். இதை மறந்து தண்ணீரை மட்டும் அளப்பவர்களுக்குத்தான் பொங்கலாகிறது. கொதிக்கும் சாற்றில் அரிசியைப் போட்டு, அரிசியும் நீரும் ஒரே மட்டத்துக்கு வந்து மேலே குழிகுழியாகத் தெரியும்போது தம். தலப்பாக்கட்டி என்ற பெயர் அங்கே 1957-இல் கடை தொடங்கிய நாகசாமி நாயுடு கட்டியிருந்த தலைப்பாகையிலிருந்து வந்தது. தனிச் செய்முறையின் பெயரென்று நினைத்துத் தேட வேண்டாம்.

ஐதராபாத் கச்சிக்குப் பாசுமதி. ஒரு கிலோ இளங்கறியில் ஒன்றரை மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, 250 கிராம் தயிர், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய், உப்பு பிசறி, குளிர்பெட்டியில் நான்கு மணி நேரமாவது ஊறவையுங்கள். பப்பாளி கூடினால் கறி நார்நாராகப் பிரியாமல் மாவாகிவிடும். சூட்சுமம் அரிசியில் இருக்கிறது: ஒரே கொதியிலிருந்து இரண்டு தவணையாக அள்ள வேண்டும். பாதி வெந்ததைக் கறி மேல் முதல் அடுக்காகப் போடுங்கள், பச்சைக் கறியின் நீர் முழுக்க அதற்குத்தான் கிடைக்கும். இரண்டு நிமிடம் கழித்து முக்கால் பதத்தில் அள்ளியது மேல் அடுக்குக்கு. மேலே குங்குமப்பூ ஊறிய பால், நெய். மூடியை மைதா மாவால் ஒட்டி, ஆவி வரும்வரை பத்து நிமிடம் நல்ல தீ, பிறகு தோசைக்கல் மேல் 40 நிமிடம் சிறுதீ. தொட்டுக்கொள்ள மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பு.

மலபாருக்குக் கைமா அல்லது ஜீரகசாலா என்ற பொடி அரிசி வகை. அதை நெய்யில் இரண்டு நிமிடம் வறுத்து, ஒன்றுக்கு ஒன்றரை வெந்நீர் ஊற்றி முழுதாக வேகவைப்பார்கள்; வடிப்பது கிடையாது. கறியில் காரம் பச்சை மிளகாயிலிருந்து வரும், வரமிளகாய் விழுதுக்கு அங்கே வேலையில்லை. மசாலா கெட்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெந்து முடிந்த சோறு இனி சாற்றைக் குடிக்காது. அடுக்கடுக்காகப் போட்டு, பொரித்த வெங்காயம், முந்திரி, திராட்சை தூவி, பத்து நிமிடத் தம் போதும். பேரீச்சம்பழ ஊறுகாயோடு பரிமாறுவார்கள்.

கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு கட்டாயம். லக்னோவிலிருந்து ஆண்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் ஆட்சி இழந்து கல்கத்தாவின் மட்டியாபுருஜில் குடியேறிய வழியில் லக்னோ பக்குவம் அங்கே போய்ச் சேர்ந்தது. காரம் குறைவு, தாழம்பூ நீர் வாசம் தூக்கல். உருளைக்கிழங்கைத் தோல் சீவி இரண்டாக வெட்டி, உப்பு நீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, எண்ணெயில் மேல்தோல் சிவக்கப் பொரித்து, கறியோடு அடியில் வையுங்கள். பச்சையாகப் போட்டால் அரிசி வெந்த பிறகும் அது நடுவில் கடுக்கென்றே இருக்கும்.