ஆடிக்குக் கேட்கிற சேவலுக்கு மார்கழியிலேயே அடை வையுங்கள்

திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வியாபாரி கோழியைக் கையில் தூக்கிப் பார்த்துக் கண்மதிப்பாக ஒரு விலை சொல்வார். ஆறு மாதம் நாம் போட்ட கம்பும் கேப்பையும், பருந்துக்கும் கீரிக்கும் பறிகொடுத்த குஞ்சுகளும் அந்த விலையில் சேராது. செக்கானூரணிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருபது பொட்டையும் மூன்று சேவலும் நிற்கின்றன, எல்லாம் சிறுவிடை என்ற சின்ன உருவ நாட்டுக்கோழி. அவற்றின் குஞ்சுகளை வளர்த்து மதுரைக்குள் இருக்கும் வீடுகளுக்கு நானே கொடுக்கிறேன். இதே அளவில் கோழி வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைக் கையில் எடுங்கள். சிறுவிடைச் சேவல் ஒன்றேகால் கிலோ வர ஆறு மாதம் ஆகும். அதற்கு முன்னால் முட்டை அடையில் இருந்து பொரிக்க 21 நாள். ஆடியில் குலசாமி கும்பிடப் போகிறவர்களுக்குச் சேவல் வேண்டுமென்றால் மார்கழி நடுவிலேயே அடை வைத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு மாசிக் கடைசி. தை மாதத்துக்கு ஆனி. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழா மாதிரி இந்தப் பக்கம் தையில் சேவல் கேட்கிற இடங்கள் நிறைய. ஐப்பசி மழையில் பொரிக்கிற மாதிரி மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தில் குஞ்சு நிற்காது. கோழி பெரிதான பிறகு ஆள் தேடினால் அவசரத்துக்கு விற்போம், விலை நம் கையில் இருக்காது. ஆள் கேட்கிற நாளைத் தெரிந்துகொண்டு அடை வைத்தால் விலையை நாம் சொல்லலாம்.

யார் எதற்குக் கேட்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் சாறு வைக்க இன்னும் முட்டையிடாத இளசான வெடக்கோழி கேட்பார்கள். பெரியமனுஷியான பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு கொடுக்க முட்டை கேட்பார்கள், அதுவும் தினம் வேண்டும். நேர்த்திக்கடன்காரர்களுக்கு எடை இரண்டாம்பட்சம், நிறம்தான் முக்கியம். போன ஆடியில் விளாங்குடியிலிருந்து ஒருவர் போன் போட்டார்.

"யக்கா, கருஞ்சேவல் இருக்கா? கருப்பசாமிக்கு. வேற நிறம் கலந்திருக்கக் கூடாது."

"இருக்குண்ணே. ஆனா றெக்கையைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அஞ்சு நிமிஷம் பொறுங்க."

வெளியே கன்னங்கரேலென்று நிற்கும் சேவலுக்கு றெக்கை அடியிலும் வால் மூட்டிலும் வெள்ளைத் தூவி இருக்கும். இரண்டு றெக்கையையும் விரித்துப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விலை பேசவே இல்லை. அவர் மூலமாக அவர்கள் பங்காளி வீடுகள் இன்று வரை என்னிடம்தான் வாங்குகின்றன. ஆகவே, நல்ல கருஞ்சேவல், செவலைச் சேவல் பிறந்தால் கறிக்குத் தள்ளிவிடாமல் தனியாகக் குறித்து வையுங்கள்.

எடை போடுவதில் சுத்தம் வேண்டும். காலையில் தீனி போட்டுவிட்டுப் பிடித்தால் கழுத்தடியில் தீனிப்பை உருண்டையாகத் துருத்தும், அந்தக் கனத்துக்கும் வாங்குகிறவர் காசு கொடுக்கிறார். நான் முந்தின நாள் சாயங்காலத்தோடு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பேன். தராசில் வைக்கும் முன் அவர்களையே தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

டவுனில் இருக்கிறவர்களால் உயிர்க்கோழியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பக்குவம் செய்து கொடுத்தால்தான் திரும்பக் கேட்பார்கள். நாட்டுக்கோழியைத் தோலோடு வாட்ட வேண்டும், கடையில் உரிக்கிற மாதிரி உரித்துவிட்டால் ருசி போச்சு. முடி பிடுங்கியதும் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, காலைப் பிடித்துக்கொண்டு தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுவோம். பூமுடி பொசுங்கித் தோல் லேசாக இறுகி மினுமினுக்கும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டால் தோல் வெடித்துக் கொழுப்பு வடிந்துவிடும். கத்தி முதுகால் சுரண்டிக் கழுவி, மஞ்சள் தடவி, அதன் பிறகுதான் வயிற்றைத் திறப்பது. சாறுக்கா வறுவலுக்கா என்று கேட்டு அதற்கேற்ற துண்டாகப் போடுங்கள். கறியாகக் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு விற்பனையாளர் பதிவு எடுத்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கறி விலையில்தான் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். தோலோடு சுத்தம் செய்தால் உயிர் எடையில் நூற்றுக்கு எழுபது பங்கு போலத்தான் நிற்கும். உயிர்க்கோழி கிலோ 500 ரூபாய் என்று வைத்தால், கறி கிலோ 715 ரூபாய்க்கு விற்றால்தான் அதே காசு வரும். வாட்டுகிற கூலி, பெட்ரோல் சேர்த்து நான் 780 வாங்குகிறேன். "பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு நாட்டுக்கோழி கிடைக்கிறதே" என்பார்கள். அது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் எடை ஏறுகிற கலப்பினம். அதை மட்டம் தட்டிப் பேசாதீர்கள், இரண்டுக்கும் உள்ள வயசு வித்தியாசத்தைச் சொல்லுங்கள். ஒரு பஞ்சாரத்தில்கூட அதை வாங்கிக் கலந்துவிடாதீர்கள். எலும்பின் உறுதியையும் வேகிற நேரத்தையும் வைத்தே மதுரைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஊசி போடாத கோழிதானே?" என்றும் கேட்பார்கள். நான் ஒளிப்பதில்லை. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரம் ஊசியும் போடுகிறேன், இரண்டும் வெள்ளைக்கழிச்சல் வராமல் தடுக்கத்தான், கோழியைப் பெருக்க வைக்க அல்ல என்று விளக்குவேன். கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும், வாக்குக் கொடுத்த சேவலும் போய்விடும். கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.

முட்டையில் பெரிய வியாபாரம் எதிர்பார்க்காதீர்கள். சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு, பதினைந்து போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். சேவலோடு கூடின முட்டை என்பதால் சித்திரை வெயிலில் வெளியே கிடந்தால் உள்ளே கரு ஓடிச் சிவப்பு நரம்பு தெரியும். அன்றன்றைக்கு எடுத்து, கழுவாமல் துணியால் துடைத்து, இரண்டு மூன்று நாளில் கொடுத்துவிடுங்கள்.

உயிர்க்கோழியாகக் கொண்டுபோனால் காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். தொடையில் ரத்தம் கட்டி, கறி கறுத்துத் தெரியும். காற்றோட்டமான பிளாஸ்டிக் கூடை போதும், கூடைக்கு நாலு கோழிக்கு மேல் வேண்டாம்.

புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை மார்கழியிலும் கறி ஓடாது. அந்த மாதங்களில் விலையைக் குறைத்துத் தள்ளாதீர்கள். வளர்க்கக் கேட்கிறவர்களுக்கு முட்டைக்கு வரப்போகும் வெடக்கோழிகளை ஜோடியாகக் கொடுங்கள், கறி விலையைவிடக் கூடுதலாகவே தருவார்கள். மார்கழி பிறந்ததும் நோட்டைப் பார்த்து ஆடி வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டு, எத்தனை சேவல், என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு அடை வையுங்கள். பத்துக் குஞ்சில் ஆறு ஏழுதான் நிற்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.