சாஃப்ட் ஃபோகஸ் போடுங்க, பொண்ணோட கலர மாத்தாதீங்க

கல்யாண ஆல்பத்துல முகத்தச் சுத்தி லேசா வெளிச்சம் கசிஞ்ச மாதிரி இருக்கும்ல, ஆனா கண்ணு மட்டும் நறுக்குனு தெரியும், அதான் சாஃப்ட் ஃபோகஸ். நெறைய பேரு இத பிளர்னு நெனச்சுக்கிறாங்க. பிளர்ல எல்லாமே மங்கிரும், இதுல கூர்மையான படம் அடியில அப்படியே இருக்கும், அது மேல மங்கலா ஒண்ணு படிஞ்சிருக்கும். ஃபிலிம் காலத்துல லென்ஸ் முன்னாடி ஃபில்டர்ல வாசலின் தடவுவாங்க, மெல்லிசான ஸ்டாக்கிங்ஸ் துணிய இழுத்துக் கட்டுவாங்க. 1980கள்ல கனடாவுல மைக்கேல் ஆர்ட்டன்னு ஒருத்தரு ஒரே காட்சிய ஷார்ப்பா ஒண்ணு, ஃபோகஸ் இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு ஸ்லைடு எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பார்த்தாரு. நம்ம இப்ப லேயர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல படத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பண்றதும் அதே வேலதான் லா.

போட்டோஷாப் இருந்தா சரி, இல்லாட்டி அதுக்காக மாசா மாசம் வெள்ளி கட்ட வேணாம், கிம்ப் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீ, போட்டோபியா பிரௌசர்லயே ஓடும். மொதல்ல பரு, தழும்பு, வேர்வ மினுமினுப்பு எல்லாத்தையும் சரி பண்ணிருங்க, ஏன்னா சாஃப்ட் ஃபோகஸ் எதையும் மறைக்காது, அடியில இருக்கறது எட்டிப் பாக்கும். அப்பறம் போட்டோஷாப், போட்டோபியான்னா கண்ட்ரோல் ஜே அடிச்சு லேயர காப்பி பண்ணி, அத ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்குங்க, பின்னாடி பிளர் அளவ மாத்தணும்னா வசதி, கிம்ப்ல மெனுவுலேர்ந்து லேயர காப்பி பண்ணிக்குங்க. ஃபில்டர்ல பிளர், அதுல காஸியன் பிளர். 24 மெகாபிக்சல் கேமரா படம்னா சுமார் 6000 பிக்சல் அகலம் இருக்கும், அதுக்கு ரேடியஸ், அதாவது பிளர் பரவுற அளவு, 25லேர்ந்து 40 பிக்சல் வரைக்கும் போகலாம், வாட்ஸ்அப்ல வந்த 1600 அகலப் படத்துக்கு 8 போதும். யாராவது சும்மா 20 போடுன்னு சொன்னா எந்த சைஸு படத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க.

இனிமேதான் முக்கியமான எடம். மேல் லேயர் கீழ் லேயரோட எப்படி கலக்கணும்னு சொல்றதுதான் பிளெண்ட் மோட், வீடியோ பாத்தா எல்லாரும் அத ஸ்கிரீன்ங்கற மோடுல வைக்கச் சொல்றாங்க. ஸ்கிரீன் படம் முழுக்க வெளிச்சத்த ஏத்தும், நம்ம ஆளுங்க தோலு அதுல மொதல்ல போயிரும், மாநிறப் பொண்ணு திடீர்னு மாவு பூசுன மாதிரி ஆயிரும், கேட்டா கிளோ வந்திருக்குன்னு சொல்லுவாங்க. அது கிளோ இல்ல, கலர மாத்துறது. சாஃப்ட் லைட்டுங்கற மோட் போட்டா வேற தொல்ல, கான்ட்ராஸ்ட் ஏறி கூந்தல் ஒரே கருப்புக் கட்டியாயிரும். நான் லைட்டன் மோடுலதான் வைப்பேன், மேல உள்ள பிளர் கீழ உள்ளத விட வெளிச்சமா இருக்கற எடத்துல மட்டும் அது வேல செய்யும், ஒப்பாசிட்டி, அதாவது மேல் லேயர் எவ்வளவு தெரியணும்ங்கறது, 40 சதவீதத்துக்கு மேல தேவப்படாது. ஸ்கிரீன்தான் வேணும்னா பிளர் லேயர் மேல வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கற கர்வ்ஸ் லேயர் ஒண்ணு போட்டு, ஆல்ட் புடிச்சு ரெண்டு லேயருக்கும் நடுவுல கிளிக் பண்ணி அதோட சேத்துட்டு, அந்தக் கோட்ட நடுவுல புடிச்சு கீழ இழுங்க. லேயரோட கண்ணு ஐகான அணைச்சு அணைச்சுப் போட்டு கன்னத்தையே பாருங்க, ரெண்டுலயும் ஒரே நெறமா இருந்தா சரி.

அடுத்து மாஸ்க், அதாவது பிளர் லேயர வேணாத எடத்துல மறைக்கறது. அந்த லேயருக்கு வெள்ள மாஸ்க் ஒண்ணு போட்டுட்டு, கருப்பு பிரஷ், ஓரம் சாஃப்ட், ஃப்ளோ 20 வச்சு கண்ணு, புருவம், உதட்டு ஓரம், மூக்குத்தி இதுல எல்லாம் மெதுவா தேய்ங்க, அந்த எடம் திரும்ப ஷார்ப்பாயிரும். மல்லிகப்பூவ தொடாதீங்க, வெள்ளப்பூ வெளிச்சம் கருங்கூந்தல்ல கசியறதுதான் இந்த எஃபெக்ட்டோட அழகே. பட்டுச்சேல ஜரிக அப்படி இல்ல, டின்னர் ஹால் லைட்டு பட்டா பளபளன்னு பரவி டிசைனே அழிஞ்சிரும், அத பாதியாவது மாஸ்க் பண்ணணும். பினாங்கு ஜார்ஜ்டவுன்ல மத்தியானம் வெளிய எடுத்த படம்னா வானம் வெள்ளையா கெடக்கும், அது தல ஓரத்துல வழியும், அதையும் தேய்ச்சிருங்க.

இன்னொண்ணு, ஏர்கான் காடியிலேர்ந்து எறங்கி ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ஒடனே கிளிக் பண்ணுனா லென்ஸ்ல ஆவி படிஞ்சு மங்கலா வரும், அத இயற்கை சாஃப்ட் ஃபோகஸ்னு சில பேரு போஸ்ட் போடறாங்க. சும்மா பூத்துப்போன படம் அது, கான்ட்ராஸ்ட்டே இருக்காது, லென்ஸ் தெளியற வரைக்கும் நிழல்ல நின்னுட்டு அப்பறம் எடுங்க.

கைப்பேசியில ஸ்னாப்சீட் ஆப்புன்னா கிளாமர் கிளோன்னு ஒரு டூல் இருக்கு, கொஞ்சமா இழுங்க போதும். லைட்ரூம்ல கிளாரிட்டிய மைனஸ் 20 பக்கம் கொண்டு வந்தாலும் ஓரளவு வரும், அவசரத்துக்கு ஓகே.

பின்னாடி வெறும் செவரு இருந்தா பிளருக்கு அப்பறம் கோடு கோடா விழும், 1 சதவீதம் நாய்ஸ் சேத்தா போயிரும். ஆல்பம் அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு 4ஆர் (4க்கு 6 இன்ச்) பிரிண்ட் அடிச்சுப் பாருங்க, கம்ப்யூட்டர் திரையில தெரியற கிளோ பேப்பர்ல கொஞ்சம் அடங்கித்தான் வரும், அப்ப ஒப்பாசிட்டிய ஏத்துங்க, ரேடியஸ தொட வேணாம்.