உண்மைப் பாதையொன்றைப் பல அடுக்கு மாதிரி ரயில் தளமாகத் திட்டமிடுதல்

உண்மையான ரயில் பாதையை மாதிரியாக்க முனைபவருக்கு முதல் தடை நீளம்தான். 1:87 விகிதமுள்ள, ‘எச்ஓ’ (HO) எனப்படும் மாதிரியில் ஒரு கிலோமீட்டர் ஏறத்தாழ பதினொன்றரை மீட்டராகும். 1:160 விகிதமுள்ள, ‘என்’ (N) எனப்படும் மாதிரியில்கூட ஆறேகால் மீட்டர். அடுக்குகள் இடத்தைக் கூட்டுமே தவிர, 40 கிலோமீட்டர் கிளைப்பாதையை அறைக்குள் அடக்கிவிடாது. எனவே எவற்றை விட்டுவிடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பாதையின் சரிவுப் படம், நிலையங்களின் தண்டவாள அமைப்புப் படங்கள், அக்காலத்து கால அட்டவணை ஆகியவற்றைத் திரட்டி, வண்டிகளுக்கு உண்மையில் வேலை இருக்கும் நிலையங்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும். ஒரே மாதிரியான இரண்டு நிலையங்களில் ஒன்று போதும். தடங்களின் நீளத்தைக் குறைக்கலாம். பாயிண்டுகளின், அதாவது தண்டவாளம் பிரியும் இடங்களின், வரிசையை மாற்றினால் ஊரின் அடையாளமே போய்விடும் என்பது என் கருத்து. பாதையின் இரு முனைகளுக்கும் அப்பாலுள்ள உலகத்துக்கு, வண்டிகளை நிறுத்திவைக்க, கண்ணுக்கு மறைவான யார்டு ஒன்றை ஒதுக்கவும்.

அடுத்தது வண்டியின் நீளம். 20 மீட்டர் பெட்டி எச்ஓவில் 23 செ.மீ. ஆகும், எட்டுப் பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து இரண்டு மீட்டரைத் தாண்டும். வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு லூப் தடத்திலும், பாயிண்டுகளைச் சேர்க்காமலே, இந்த நீளம் கிடைக்க வேண்டும். அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையிலும் குறைந்தது ஒரு வண்டி நீளமாவது இருந்தால்தான் ஊர் விட்டு ஊர் போகும் உணர்வு வரும்.

அடுக்குகளை இணைக்கும் ஹெலிக்ஸ், அதாவது சுருள் ஏற்றம், பலரும் நினைப்பதைவிட அதிக இடத்தை விழுங்கும். எச்ஓவில் வண்டியின் உயரம், பலகை, தண்டவாளம் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்குச் சுமார் 10 செ.மீ. ஏற வேண்டியிருக்கும். வளைவின் ஆரம் 60 செ.மீ. என்றால் ஏற்றம் 2.7 சதவீதமாகிறது, 75 செ.மீ. என்றால் 2.1 சதவீதம். வளைவின் உராய்வு இதற்கு மேலும் சுமையேற்றுவதால், பெரிய ஆரமே நல்லது. 75 செ.மீ. ஆரத்தில் 40 செ.மீ. மேலேற நான்கு சுற்றுகள், அதாவது கிட்டத்தட்ட 19 மீட்டர் தண்டவாளம் தேவை. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு ஈடான வேகத்தில் வண்டி இரண்டரை நிமிடம் மறைந்திருக்கும். உண்மைப் பாதையில் நிலையமே இல்லாத காட்டுப் பகுதிக்குப் பதிலாக இச்சுருளை வைத்தால் அந்த மறைவு பொருந்திப்போகும். சுவரோரமாகவே 2 சதவீதத்தில் ஏற்றினாலும் 20 மீட்டர் வேண்டும், ஆனால் வண்டி கண்ணில் இருக்கும்.

திசையையும் கவனிக்கவும். சுவரோரத் தளத்தின் ஒரு முனையில் ஹெலிக்ஸ் வைத்தால், கீழே வலப்பக்கம் சென்ற வண்டி மேலே இடப்பக்கம் திரும்பி வரும். கீழ் அடுக்கில் வலக்கைப் பக்கம் இருந்த கிழக்கு மேல் அடுக்கில் இடக்கைக்கு மாறிவிடும். அறையை முழுதாகச் சுற்றிவந்து ஏறும் அமைப்பில் இக்குழப்பம் இல்லை, ஆனால் வாசலில் திறந்து மூடும் பாலம் தேவைப்படும்.

அடுக்குகளின் இடைவெளி 40 முதல் 45 செ.மீ. வரை இருக்கலாம். மேல் அடுக்கைக் கீழ் அடுக்கைவிட அகலம் குறைவாக அமைத்தால்தான் கீழ்க்காட்சி மறையாது; அதன் அடிப்பகுதியில் எல்இடி பட்டையைப் பொருத்திக்கொள்ளலாம். மரத்தை அறுக்கும் முன், இரண்டு உயரங்களிலும் அட்டைகளைச் சுவரில் ஒட்டி, வண்டி ஓட்டப்போகிறவர்களில் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் நிறுத்தி, இருவருக்கும் கை எட்டுகிறதா, இரு அடுக்குகளும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அளவுகளை உறுதி செய்யவும்.